‘சுரிகுழல்’ என்னும் தொடர்: உரைப்பொருள் குறித்த ஒரு மறுபார்வை

பழந்தமிழ் நூல்களின் இன்றைய பதிப்புகளில் ‘சுரிகுழல்’ என்பதற்குச் ‘சுருட்டைமுடி’ என்றோ ‘சுருட்டி முடித்த கூந்தல்’ என்றோ பொருளெழுதுவது வழக்கமாகிவிட்டது. இரண்டும் ஒன்றெனக் கருதப்படுவதே இங்கு எழும் சிக்கல். முன்னது மயிரின் இயல்பைச் சுட்டுவது. பின்னது கைபுனைந்த ஒப்பனையைச் சுட்டுவது. ஒரே தொடருக்கு இவ்விரண்டையும் மாற்றி மாற்றி எழுதும் உரைகளை வைத்துக்கொண்டு பண்டை மகளிர் ஒப்பனை பற்றி முடிவு கூறும் ஆய்வேடுகளும் எழுகின்றன.

‘சுரிதல்’ தன்வினை. ‘சுருளுதல்’ போலத் தானே நிகழ்வது. ‘சுருட்டுதல்’ போலப் பிறர் செய்வதன்று. சுரிகுழல் வினைத்தொகை ஆதலின் சுரிந்த, சுரிகின்ற, சுரியும் குழல் என முக்காலத்துக்கும் விரியும். எக்காலத்தும் மாறாத தன்மையைக் கூற இத்தொகை பொருத்தமானது. ‘சுருட்டி முடித்த’ என்னும் உரை தன்வினையைப் பிறவினையாக்குவதோடு, மூலத்தில் இல்லாத ‘முடித்த’ என்னும் வினையையும் புகுத்துகிறது.

இனி, அச்சுருளின் வடிவம் யாது? அகராதிகள் சுரிதலுக்குச் சுழலுதல், சுருளுதல், சுருங்குதல் முதலிய பொருள்களைத் தனித்தனியே எண்ணிட்டு அடுக்குகின்றன. இவை தனித்தனிப் பொருள்கள் அல்ல என்றே தோன்றுகிறது. சங்கும் நத்தையும் ‘சுரிமுகம்’ எனப் பெயர் பெறுதல் காண்க. அவற்றின் ஓடு சுற்றிச் சுற்றி ஒரு மையம் நோக்கிக் குறுகுவது. சுழற்சியும் சுருக்கமும் அங்கே ஒரே நிகழ்ச்சி. கலிப்பாவின் இறுதியுறுப்பாகிய சுரிதகம் இதற்கு இன்னும் வலுவான சான்று. யாப்பருங்கலக்காரிகையின் உரைமரபு அப்பெயரை நீர்ச்சுழியோடு இயைத்து விளக்குகிறது. அவ்வுறுப்புக்கு ‘அடக்கியல்’ என்ற மறுபெயரும் உண்டு. விரிந்து சென்ற பாடற்பொருள் சுழன்று அடங்குமிடம் அது. கூந்தற்சொல் ஒன்றின் பொருளை யாப்பிலக்கணத்தில் தேடுவது சுற்றுவழியாகத் தோன்றலாம். ஆயினும் உரையாசிரியர் இவ்வினையடியை எவ்வாறு உணர்ந்தனர் என்பதை இத்துணைத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

இப்பொருளை ஏற்பின் ‘அறல்’ உவமம் சுரிகுழலோடு ஒன்றாகாது. அறல், ஓடும் நீர் கருமணலில் வரித்துச் செல்லும் நெளிவு. அதில் மையமில்லை, சுழற்சியுமில்லை. சங்கப் புலவர் கூந்தலுக்கு அறலை உவமித்தவிடத்து நெளிமயிரும், சுரி என்றவிடத்துச் சுருள்மயிரும் கொள்வதே நேரிது. இரண்டுக்கும் ‘சுருண்ட கூந்தல்’ என்று எழுதும் உரைகள் புலவர் கண்ட வேறுபாட்டை அழித்துவிடுகின்றன.

சுரி மகளிர்க்கே உரிய அடையும் அன்று. பொருநராற்றுப்படையில் அது பொருநனின் பித்தைக்கு அடையாகிறது. கரிகாலன் அளித்த பொற்றாமரை சூட்டப்படும் தலை அது. பக்திப் பாடல்களில் ‘சுரிகுழல்’ மகளிரைப் பாடும் மரபுத்தொடராக நிலைபெற்ற பின்னரே இச்சொல்லைப் பெண்மைக்கு உரியதாக வாசிக்கும் பழக்கம் வேரூன்றியிருக்க வேண்டும். அப்பழக்கத்தோடு பத்துப்பாட்டை அணுகுவோர் பொருநனின் சுரிமயிரையும் ஒப்பனையாகவே கொள்ளக்கூடும். பாடலிலோ ஒப்பனை தாமரையில் இருக்கிறது. மயிர் அவனுடன் பிறந்தது.