விழிப்புணர்வு யாருக்கு?

கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிய துண்டறிக்கைகளில் அடிக்கடி வரும் சொல் ‘விழிப்புணர்வு’. பெண்கள் தூங்குகிறார்கள், அரசு எழுப்புகிறது என்பது அச்சொல்லுக்குள் இருக்கும் கதை. திண்டுக்கல் ஆய்வு சொல்வது வேறு.

2000இல் அம்மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடையே தொடங்கிய ஆய்வு அது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, வெளுப்புத் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்தார்கள். தேவைப்பட்ட பலருக்கு அன்றே உறைகுளிர் சிகிச்சையும் கிடைத்தது. சோதனைத் தரப்பின் 49,311 பேரில் 31,343 பேர் வந்தார்கள். தூங்கியவர்களின் கணக்கல்ல இது. 2007இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்ட முடிவின்படி, அத்தரப்பில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைவு.

மறுதரப்பில் 30,958 பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே. அவர்களோடு ஒப்பிட்டுத்தான் அந்த 35 கிடைத்தது. அது சரியா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. என் பார்வையில், இந்த அறிவு திட்டமாகப் பெண்களிடம் திரும்புவது சலுகையல்ல, கடன்.

கடன் தீர்ந்ததா? தமிழக அரசு தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோட்டம் பார்த்து, பிறகு மாநிலமெங்கும் விரித்தது. ஆனாலும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30–49 வயதில் ஒருமுறையேனும் சோதனை செய்துகொண்டவர்கள் தமிழகத்தில் பத்தில் ஒருவர் அளவே. புதுச்சேரிப் பிரதேசத்தில் அதனினும் குறைவு. நாட்டின் சராசரியோ இரண்டு சதவீதத்தைத் தொடவில்லை.

ஆய்விலிருந்து அமிலத்தையும் பஞ்சையும் எடுத்துவருவது எளிது. வீடு தேடிப் போய் அழைத்ததையும், அன்றே சிகிச்சை தந்ததையும் எடுத்துவருவது கடினம். மறுபடி வரச்சொன்னால் ஒருநாள் கூலி போகும். வீட்டில் இன்னொரு முறை காரணம் சொல்ல வேண்டும்.

காரைக்காலில் இன்னொரு சிக்கல். சுற்றிலும் தமிழ்நாடு, நிர்வாகமோ புதுச்சேரி. பிறந்தகம் நாகூர், புகுந்தகம் திருமலைராயன்பட்டினம் என்று வாழும் பெண்ணின் கருப்பைக்கு எல்லைக்கோடு தெரியாது. அவள் பெயர் எந்த அரசின் பதிவேட்டில் ஏறும்?

உடலை உதறிப் பேயுரு வேண்டிய புனிதவதியின் ஊர் இது. உடலோடு வாழப்போகிறவளுக்கு எழுதும் துண்டறிக்கை நேராகச் சொல்லட்டும்: பார்ப்பவர் பெண்தானா, திரை உண்டா, எவ்வளவு நேரமாகும், வலிக்குமா, அடுத்து எங்கே போக வேண்டும். விழிக்க வேண்டியது அதை எழுதுகிறவர்கள்.