வாடகைக் கார் ஓட்டியவரின் பட்டியல்

"இசைத்தட்டுக் கம்பெனியைப் பற்றிக்கூட விமரிசனம் எழுத முடியுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். முடியும் என்றுதான் நான் நினைக்கிறேன். நல்ல பதிப்பாளன் ஒருவனுடைய பட்டியலை ஒருசேர வைத்துப் பார்த்தால் அதில் ஓர் ஆள் தெரிவான். அவனுடைய ருசியும் பிடிவாதமும் அசட்டுத்தனமும் தெரியும். லண்டனில் 1980ல் டெட் பெரி ஆரம்பித்த ஹைப்பீரியன் என்கிற சிறு கம்பெனியின் பட்டியல் அப்படிப்பட்டது.

பெரி பணக்காரர் அல்ல. இசைத்தட்டுக் கடைகளில் வேலை பார்த்தவர். ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியவர். கம்பெனி ஆரம்பித்த புதிதில் வாடகைக் கார் ஓட்டிச் சம்பாதித்ததைத் தட்டுகளில் போட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெர்மனியில் கன்னிமடத் தலைவியாக இருந்த ஹில்டகார்டின் பாடல்களை இந்தக் காலத்தில் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? பெரி வெளியிட்டார். யாரும் எதிர்பாராதபடி அது விற்றது. அந்த ஒரு தட்டின் தயவில், விற்காது என்று தெரிந்தே பல தட்டுகளைப் போட்டார். ஜனங்கள் கேட்டதைக் கொடுக்கிறவன் வியாபாரி. கேட்கத் தெரியாததைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவனுக்கு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹைப்பீரியனின் பெரிய சாதனை ஷூபர்ட்டின் பாட்டுகள். அறுநூறுக்கு மேற்பட்டவை, 37 தட்டுகள். பியானோ வாசித்தவர் கிரஹாம் ஜான்ஸன். ஒவ்வொரு பாட்டுக்கும் உரை எழுதியவரும் அவரே. வருஷ வரிசைப்படி அடுக்கித் தள்ளிவிடவில்லை. பெரும்பாலும் ஒரு பாடகருக்கு ஒரு தட்டு. ஒரு தட்டில் தண்ணீர், ஒன்றில் மரணம், ஒன்றில் ஒரே வருஷத்துப் பாட்டுகள். மரணத்தைப் பிரிகிட்டே பாஸ்பேண்டரின் கனத்த குரலுக்குக் கொடுத்ததே ஒரு விமரிசனம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும்போது, சுமாரான பாட்டுக்குக்கூட ஓர் அர்த்தம் ஏற்படுகிறது. நல்ல சிறுகதைத் தொகுப்பு ஒன்றைப் படித்த திருப்தி எனக்கு இதில் கிடைத்தது.

எல்லாம் இப்படித்தான் என்று சொல்லமாட்டேன். லெஸ்லி ஹவார்டு வாசித்த லிஸ்ட்டின் பியானோ இசை 99 தட்டுகள்! லிஸ்ட் மறந்துபோக விரும்பியிருக்கக்கூடியதெல்லாம் அதில் இருக்கிறது. முழுமை வேறு, ருசி வேறு.

பெரி 2003ல் காலமானார். மகன் சைமன் பெரி பொறுப்பேற்றார். அடுத்து ஒரு வழக்கு. 1726ல் இறந்துபோன லாலாந்தின் இசையை அச்சுக்குச் செப்பனிட்ட அறிஞருக்கு அந்தப் பதிப்பில் உரிமை உண்டு என்று 2005ல் மேல் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. உழைத்தவருக்கு உரிமை உண்டு என்பது எனக்குச் சம்மதமே. ஆனால் கோர்ட்டுச் செலவு, புதிய தட்டுகளில் கைவைத்தது.

அதற்கும் மேல் வந்தது ஸ்ட்ரீமிங். மாதச் சந்தா கட்டினால் உலகத்துச் சங்கீதமெல்லாம் கைபேசியில். ரசிகனுக்கு யோகம்தான். ஆனால் சிறு கம்பெனியின் கணக்கைப் பாருங்கள். தட்டை ஒருவன் வாங்கினால், ஆயுளில் ஐந்து தரமே கேட்டாலும் முழு விலையும் முதல் நாளே வந்துவிடும். இங்கே ஐந்து தரத்துக்கு ஐந்து துளி. அந்தத் துளியும் என் சந்தாவிலிருந்து நேராகப் போவதில்லை. எல்லோர் பணமும் ஒரே குடத்தில் கொட்டப்பட்டு, நாட்டில் அதிகம் ஓடுகிற பாட்டுக்கு அதிகமாகப் பங்கிடப்படுகிறது. முப்பது விநாடி ஓடினால் ஒரு கணக்கு. ஷூபர்ட்டில் ஒரு நிமிஷப் பாட்டும் உண்டு. இருபது நிமிஷத்துக்கு மேல் போகும் கதைப்பாட்டும் உண்டு. இரண்டுக்கும் ஒரே கூலி. 2024லிருந்து ஸ்பாட்டிஃபையில், முந்தின பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தரமாவது ஓடாத பாட்டுக்கு அந்தக் கூலியும் இல்லை. ஆயிரத்தை எட்டாத பாட்டுகள்தாமே ஹைப்பீரியன் போன்ற பட்டியலின் உயிர்?

வெகுகாலம் அவர்கள் இதற்கு இசையவில்லை. தங்கள் வலைத்தளத்திலேயே விற்றுக்கொண்டிருந்தார்கள். மியூனிக்கின் இ.ஸி.எம். கம்பெனி 2017ல் வேண்டாவெறுப்பாக இறங்கி வந்த பிறகும் இவர்கள் நின்றார்கள். 2023 மார்ச்சில் கம்பெனியே யூனிவர்சல் என்கிற பெரிய நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்த ஜூலையிலேயே தட்டுகள் ஸ்ட்ரீமிங்கில் ஓட ஆரம்பித்தன.

துரோகம் என்று சிலர் கோபித்தார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. தட்டு வாங்குவதை நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். போன வாரம் கைபேசியில் அந்த மரணத் தட்டைத் தேடினேன். உடனே கிடைத்தது, குரல் அதே குரல்தான். ஜான்ஸனின் உரை மட்டும் பக்கத்தில் இல்லை. கடைசிப் பாட்டு முடிந்து, நான் கையெடுப்பதற்குள், செயலி தானாகவே யாரோ ஒருவருடைய தூக்கத்துக்கான பியானோவை ஆரம்பித்துவிட்டது. எழுந்துபோய் அலமாரியில் பழைய தட்டைத் தேடினேன். இரவல் வாங்கிப்போன நண்பர் இன்னும் திருப்பித் தரவில்லை.