வேடிக்கை: சில குறிப்புகள்

'வேடிக்கை' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் நேரான சொல் கிடையாது. பி.ஏ. படித்த காலத்திலேயே தேடிப் பார்த்திருக்கிறேன். விநோதம், தமாஷ், காட்சி மூன்றும் அதற்குள் இருக்கின்றன. கூடவே, செய்ய வேண்டியதைச் செய்யாமல் கைகட்டி நிற்பதும் இருக்கிறது. 'என்னலே வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்க?' என்று ஒரு தகப்பன் மகனை அதட்டும்போது இந்த நாலாவது அர்த்தம்தான் முன்னால் வந்து நிற்கிறது. செல்போனில் கைமாறிக்கொண்டே இருக்கும் துண்டு வீடியோக்களைப் பற்றி யோசிக்க, இந்தச் சொல்லைத் தவிர வேறு கருவி என்னிடம் இல்லை.

நம் வட்டத்தில் இவற்றைப் பற்றிப் பேசுவதையே கௌரவக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. கவிதை வாசிப்பு முடிந்து டீக்கடைக்குப் போனதும், பக்தரின் மூக்குக் கண்ணாடியைக் குரங்கு பிடுங்கும் காட்சியைப் பார்த்து அதே நண்பர்கள் குலுங்கிச் சிரிப்பதையும் கண்டிருக்கிறேன். தான் ரசிப்பதை ஒப்புக்கொள்ளாத ரசனை என்ன ரசனை? ஜனங்கள் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருப்பதை விமர்சனம் பார்க்க மறுத்தால் நஷ்டம் விமர்சனத்துக்குத்தான்.

இது புது வியாதி என்ற பேச்சையும் விட்டுவிடலாம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவானவை. அடுத்த வருஷம் ஜூலை 7ல் அவர்கள் படங்கள் பம்பாய் வாட்ஸன் ஹோட்டலுக்கு வந்துவிட்டன. 1905ல் திருச்சியில் ரயில்வே உத்தியோகத்தில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். கதையும் பாட்டும் பின்னால் வந்து ஏறிக்கொண்டவை. சினிமாவின் முதல் உருவம் வேடிக்கைதான்.

அந்த முதல் படங்களில் ஒன்றை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். தோட்டக்காரன் குழாயால் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறான். பின்னால் வந்த ஒரு பையன் குழாயை மிதிக்கிறான், தண்ணீர் நிற்கிறது. தோட்டக்காரன் குழாய் முனையை உற்றுப் பார்க்கிறான். பையன் காலை எடுக்க, தண்ணீர் முகத்தில் பீச்சியடிக்கிறது. இன்று என் போனுக்கு வருகிற வீடியோவாக இருந்தால் இந்த இடத்தில் வெட்டியிருப்பார்கள். சினிமாப் பாட்டு ஒன்றை ஒட்டி, அந்த முகத்தை மட்டும் மூன்று தடவை திரும்பக் காட்டியிருப்பார்கள். லூமியேர் படம் அங்கே முடியவில்லை. தோட்டக்காரன் ஓடிப் போய்ப் பையனைப் பிடித்து, காமிராவுக்கு முன்னாலேயே இழுத்து வந்து, பின்புறத்தில் நாலு சாத்துகிறான். பிறகு திரும்பி வேலையைப் பார்க்கிறான். நனைந்தவனுக்கும் படத்தில் ஒரு பாத்தியதை இருக்கிறது. ஒரு நிமிஷம்கூட இல்லாத படத்தில் இதற்கு நேரம் இருந்திருக்கிறது.

ஆகவே நீளம் குறைந்ததுதான் கோளாறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. யூட்யூபில் முதன்முதலாக, 2005 ஏப்ரல் 23ல், ஏற்றப்பட்ட வீடியோ 19 வினாடிதான். அதை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் சான் டியாகோ மிருகக்காட்சிசாலையில் யானைகளுக்கு முன் நின்று, அவற்றின் தும்பிக்கை நீளமானது என்கிறார். அவ்வளவுதான். யாரையும் பிடித்து இழுக்கும் உத்தேசம் இல்லாத அந்த 19 வினாடியில் ஒரு நிர்மலம் உண்டு. அது பிறகு எங்கும் கிடைக்கவில்லை.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று. புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் பெரியதம்பி என்ற முதியவரும் பேரன்மாரும் 2018ல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல். 2021ல் சந்தாதாரர் ஒரு கோடியைத் தாண்டியது, அதே வருஷம் ஜனவரியில் ராகுல் காந்தி வந்து வெங்காயப் பச்சடி கலக்கியது, 2022ல் 'விக்ரம்' படத்தில் தலைகாட்டியது எல்லாம் பத்திரிகைச் செய்தி. எனக்கு அதன் உருவம்தான் முக்கியம். வெட்டவெளி, பெரிய பாத்திரம், அம்மி. ஒவ்வொரு சாமானையும் காமிராவின் முகத்துக்கு நேரே நீட்டி, அதன் பெயரை அடிவயிற்றிலிருந்து கூவுகிறார்கள். மஞ்சளுக்கும் கல்லுப்புக்கும் இப்படி ஒரு கட்டியம் தமிழில் யாரும் கூறியதில்லை. கி. ராஜநாராயணன் 1982ல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கொண்டுவந்தபோது நம்மில் பலர் அதை இலக்கியக் காரியமாக எண்ணவில்லை. பொருளைக் கையில் எடுத்துப் பெயர் சொல்வது ஆதி கவித்துவ காரியம் என்பதை இந்தச் சமையற்காரர்கள் அறியாமலே நினைவூட்டுகிறார்கள்.

ஆனால் இவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். குளத்தூரில் அன்றாட அடுப்பு பெண்களுடையது. உடைவிறகுப் புகையில் கண் எரிய உலை வைப்பவளை எந்தக் காமிராவும் தேடி வருவதில்லை. விசேஷத்துக்கு அண்டா வைப்பவன் ஆண். வேடிக்கைக்கு ஆகிற சமையல் எது என்பதை அந்தச் சேனல் தெரிந்தோ தெரியாமலோ முடிவு பண்ணிவிட்டது. அங்கே ஒருநாளும் தண்ணீர் வராமல் போவதில்லை, மழை பொய்ப்பதில்லை, ஒரு குழம்பும் கெடுவதில்லை. மாவட்டம் தள்ளி நின்று பார்க்கிற கரிசல்காட்டுக்காரனுக்கு இது சற்று உறுத்தும். எனினும் சமைத்ததைக் கடைசியில் முதியோர் இல்லத்தில் பரிமாறுவதையும் அவர்கள் வெட்டாமல் காட்டுகிறார்கள். அது லூமியேரின் தோட்டக்காரன் திரும்பி வருகிற இடம்.

சின்ன வயசில் நாங்கள் தீப்பெட்டிப் படம் சேர்த்தோம். ஒரு புலிக்கு இரண்டு சேவல். படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் கோவில்பட்டி என்றோ சிவகாசி என்றோ இருக்கும். இன்று கைமாறும் படங்களில் ஊர்ப் பெயர் இருப்பதில்லை.

இதற்கு மேல் என்னையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். போன மாசிக்குப் பிறகு நண்பர்கள் குழுவில் ஒரு வீடியோ வந்தது. 42 வினாடி. ஒரு வங்கிக் கௌண்டரில் கிழவி ஒருத்தி ரேகைக் கருவியில் பெருவிரலை வைக்கிறாள். கருவி ஏற்கவில்லை. விரலைத் தலைமுடியில் தேய்த்து மறுபடி வைக்கிறாள். பிறகு கருவியைப் பார்த்து, "வைக்கேம்லா, இன்னும் எப்படி வைக்க?" என்று சண்டை பிடிக்கிறாள். பின்னணியில் வடிவேலு படத்து இசை. நானும் சிரித்தேன். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் சுவரில் இருந்த காலண்டர் தெரிந்தது. என் கௌண்டர். படத்தின் ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்பு பிடித்த கை என்னுடையது. கேட்கிற சிரிப்புகளில் ஒன்றும் என்னுடையதே.

இருபது முப்பது வருஷம் மிளகாய்ப் பழம் பறித்து, கரி மூட்டத்தில் கட்டை அடுக்கிய விரலில் ரேகை நிற்காது. இது தொழிலில் எங்களுக்குத் தெரிந்த விஷயம். அன்று நாலாவது தடவையும் ஏற்காமல், மானேஜரிடம் கையெழுத்து வாங்கி, நோட்டில் எழுதி, மதியம் ஒன்றரைக்கு அவள் பணத்தைக் கொடுத்தேன். காலை பத்து மணியிலிருந்து அவள் நின்றிருந்தாள். வீடியோவில் இந்த மூன்றரை மணி நேரம் இல்லை.

கூத்திலும் கிழவியைக் கேலி செய்வதுண்டு. ஆனால் கோமாளி அவளுக்கு முன்னாலேயே நின்று செய்வான். அவளும் திருப்பி ஒன்று கொடுப்பாள். விடிந்ததும் இரண்டு பேரும் ஒரே தெருவில் நடக்க வேண்டும்.

மறுமாசம் அவள் வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாக்கியம் தயார் செய்துகொண்டிருந்தேன். அவளே பேச்சை எடுத்தாள். பேரன் போனில் காட்டினானாம். "என் சேலை நல்லா வெளிச்சமாத் தெரியுதுய்யா" என்றாள். எனக்கு நிம்மதி. அவள் சார்பில் புண்பட நான் யார் என்று ஒரு கணம் என்னையே கடிந்துகொள்ளவும் செய்தேன். பாஸ் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தவள் திரும்பினாள்.

"ஆனா தம்பி, நான் துட்டு வாங்குனது அதுல இல்லையே?"

"இல்லதான், பாட்டி" என்றேன்.