தேயிலைக் கலமும் ‘நொதித்தல்’ என்னும் சொல்லும்

கறுப்புத் தேயிலை ‘நொதித்தலால்’ உருவாகின்றதென எழுதுவது மரபாகிவிட்டது. அம்மரபு பிழையுடைத்து. கொழுந்தின் கலத்தில் கற்றெக்கின்கள் புன்வெற்றிடத்திலும், அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் பச்சையவுருமணியிலும் பிரிந்து கிடக்கின்றன. உருட்டும் பொறி மென்சவ்வுகளைச் சிதைத்ததும் இரண்டும் கலக்கின்றன. கொழுந்து செம்புநிறம் பெறுகின்றது. பொருள்களைப் பிரித்துவைத்தலும் கலத்தின் ஒழுங்காக்க முறைகளுள் ஒன்றென்பது இதனாற் பெறப்படும். ‘நொதியம் உண்டே’ எனின், அது கலத்தின் சொந்த நொதியம். மதுவத்தின் தொழில் அன்று.

2017இல் தேயிலையின் மரபணுத்தொகை வெளியானமை, கற்றெக்கின் ஆக்கத்தை ஆளும் மரபணுக்களை ஆராய்வதற்குப் பெருந்துணையாயிற்று. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்ட நுவரெலியா மாவட்டத்து மாணவர்க்கு இக்கலவியல் தொலைநாட்டுச் செய்தியன்று. தாயர் கொய்யும் கொழுந்தில் நிகழ்வது. பிழைச்சொல் அதனை மறைக்கின்றது. ‘ஒட்சியேற்றம்’ என்றெழுதுதலே நேர்மையாகும்.