வலையைப் பின்னியவர் யார்?

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. மறு ஆண்டு, அதே சமஸ்தானத்துத் திருமயத்தில் பிறந்தார் சத்தியமூர்த்தி. நாற்பதாண்டு கழித்துச் சென்னைச் சட்டமன்றத்தில், சிறுமியர்க்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார் முன்னவர். கலை என்னாவது என்று கவன்றார் பின்னவர். கலைக்கு உருகிய உள்ளம், கயிறேறும் கழுத்துக்கு உருகவில்லை!

அந்தப் போராட்டத்தின் பதிவு, முத்துலட்சுமி அம்மையார் 1930-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட சட்டமன்ற அனுபவ நூலில் இருக்கிறது. அதற்குத் துணையாக வைத்துப் படிக்கத்தக்கது, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-இல் தந்த 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்னும் புதினம். நலிந்தோர்க்காகப் பேசும் நூலை எவ்வாறு எடைபோடுவது? நடையழகு கொண்டா? அந்நலிந்தோர் நூலில் எந்த இடத்தில் நிறுத்தப்படுகின்றனர் என்பதே நாம் கேட்கும் கேள்வி.

புதினத்தில் கட்டுக்கோப்புக் குறைவு. பாத்திரங்கள் வீட்டுக் கூடத்திலும் மேடையில் நிற்பதுபோலவே பேசுகின்றன. அதனை நாம் பொறுத்துக்கொள்வோம். பேசவே விடப்படாதவர்கள் பேசத் தொடங்கினால் சற்று நீளத்தான் செய்யும். பொறுக்க இயலாதது தலைப்பு. வலை தாசியுடையதாம், விழுந்து எழுந்து மதிபெற்றவன் மைனராம்! பொட்டுக்குப் புனிதம் தந்த புராணமும், மானியம் தந்த மன்னனும், பணமுடிப்போடு வந்த மிராசுதாரும் பின்னிய வலையில் முதலில் அகப்பட்டவள் அச்சிறுமியல்லவா? இத்தனைக்கும் இதை எழுதியவர் அக்குலத்தின் அவலத்தைத் தம் வாழ்விலேயே கண்டவர். 1925-இல் இசை வேளாளர் மாநாடு கூட்டியவர். நூலின் உள்ளே தாசிகளே திருந்தவும் திருத்தவும் புறப்படுகின்றனர். நூல் தன் தலைப்பைவிடப் பெரியது.

முத்துலட்சுமியின் நூலில் இந்தக் கொதிப்பு இல்லை. மருத்துவர் நோயை விளக்குவதுபோல் விளக்குகிறார். சட்டமன்றத்தார் நெஞ்சில் பதியும்படி வாதத்தை அடுக்குகிறார். அவர் தாயார் சந்திரம்மாள் அக்குலத்தில் பிறந்தவர். ஆண்கள் பயின்ற புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் மகள் சேர்ந்தபோது எழுந்த எதிர்ப்பை ஊரறியும். அப்படிப்பட்டவர், எதிர்த்து மனுக்கொடுத்த தேவதாசியரின் சொல்லுக்கு இன்னும் சற்றுச் செவிசாய்த்திருக்கலாம். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற கற்றறிந்தவர் அந்த எதிரணியில் இருந்தார். "எங்களைக் கேளாமல் எங்களுக்குச் சட்டமா?" என்பதே அவர்கள் வினாவின் சாரம். நியாயமான வினா. ஆனால் பொட்டுக் கட்டுமுன் அந்தக் குழந்தையை யார் கேட்டார்கள்? இவ்விடத்தில் முத்துலட்சுமியின் பக்கமே நாம் நிற்கிறோம், தயக்கமின்றி நிற்கிறோம்.

அவர் பணியில் நாம் வியப்பது வேறொன்று. 1929-இல் நிறைவேறிய சட்டம், கோயில் ஊழியத்துக்கென்று விடப்பட்ட மானிய நிலத்தை ஊழியக் கட்டிலிருந்து விடுவித்தது. ஊழியம் போயிற்று, நிலம் தங்கிற்று. "இழிதொழில் விடு" என்று அறிவுரை கூற எவராலும் முடியும். விட்டபின் உலை எவ்வாறு கொதிக்கும் என்று கணக்குப் பார்த்தவர் சிலரே. ஒளவை இல்லத்தை அவர் தொடங்கியதும் அந்தக் கணக்கின் தொடர்ச்சிதான்.

1930-இல், காந்தியார் கைதானதைக் கண்டித்து அவர் பதவி துறந்தார். பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் 1947-இல்தான் நிறைவேறியது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் சட்டமன்றம் எத்தனையோ சட்டங்களுக்கு நேரம் கண்டது. அன்று ஆறு வயதில் பொட்டுக் கட்டப்பட்டவளுக்கு, அச்சட்டம் வந்தபோது வயது இருபத்து மூன்று.