உழைச்செல்வான்

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ வகுப்பறைகளில் பெரும்பாலும் உணவதிகாரமாகவே முடிந்துவிடுகிறது. அதற்குக் காரணமும் உண்டு. பத்துக் குறட்பாக்களுள் ஆறு உண்ணும் முறையைப் பற்றியன. ஆயின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவன், தீர்ப்பான், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் சேர்க்கிறார். அந்நான்காமவனுக்குச் சொற்பொருள் கூறிக் கடந்துவிடுவதே வழக்கம்.

பரிமேலழகர் அவனை மருந்தைப் பிழையாமல் இயற்றுவோன் என்கிறார். அப்படியாயின், மருந்தே தொடங்காத நிலையில் அவனுக்கு என்ன வேலை? நீரிழிவுக்கு முந்திய நிலை இன்று இவ்வினாவை எழுப்புகிறது. உண்ணாநிலையில் இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 100 முதல் 125 மில்லிகிராம் வரை இருப்பதை அமெரிக்க நீரிழிவுச் சங்கம் அந்நிலையென வரையறுக்கிறது. வலியில்லை, காய்ச்சலில்லை, படுக்கையுமில்லை. தாளிலுள்ள ஓர் எண்ணே அச்சந்தருகிறது.

அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2002இல் வெளியாயிற்று. வெற்று மாத்திரை பெற்றவரை நோக்க, உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்ட குழுவில் நீரிழிவு தோன்றுவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் உண்ட குழுவில் 31 விழுக்காடு. முதற்குழுவினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பயிற்றுநர் துணையிருந்தார். அவர் நடத்திய 16 பாடங்களுள் சில உணவைப் பற்றியனவே அல்ல. சோர்வூட்டும் எண்ணங்களுக்கு மறுமொழி கூறுதல், மன இறுக்கத்தைச் சமாளித்தல், வழுவியபின் மீண்டும் தொடங்குதல் என்பன அவை. வெற்றி முழுவதும் துணைவரால் வந்ததென்பதற்கில்லை. எடைக் குறைவுக்கே அதிற் பெரும்பங்கு. எனினும், துணையின்றி அத்திட்டம் வகுக்கப்படவில்லை.

இங்கே பரிமேலழகர் உரையே கைகொடுக்கிறது. உழைச்செல்வானுக்கு அவர் வேண்டும் இயல்புகளுள் நோயாளியிடத்து அன்பும் ஒன்று. ஒருவர் தட்டிலுள்ள சோற்றை வீட்டார் எண்ணிக்கொண்டிருப்பது உழைச்செல்லுதலன்று, காவல்! கோப்பிக் கடையில் தமக்கும் சீனியில்லாத கோப்பி கேட்டு உடனமர்பவரும், மாலையில் உடன் நடப்பவருமே அப்பெயருக்கு உரியவர்.

உணவுக் குறள்களோடு நின்றுவிடுவதில் வேறொரு தீங்கும் உண்டு. அளவறியாது உண்டவனே இந்நிலைக்கு ஆளானான் என்று மாணவர் முடிவுகட்டிவிடுவர். குடிவழி, வயது, உறக்கக் குறைவு ஆகியனவும் காரணமாதலை அறிந்த ஆசிரியர் 949ஆம் குறளில் சற்றுத் தங்கலாம். நோயின் அளவோடு நோயுற்றவன் அளவையும் ஆராயச் சொல்வது அது. இரவுப்பணித் தொழிலாளிக்கும் ஓய்வுபெற்ற எழுத்தருக்கும் ஒரே உணவுப் பட்டியலை நீட்டும் துண்டறிக்கையை அக்குறளோடு வைத்துப் படிக்கச் செய்தால், மாணவர் தாமே குறையைக் காண்பர்.