ஓசூரின் மஞ்சள் பனியன்

ஓசூரில் ஐபிஎல் பார்ப்பது தனி ருசி. பெங்களூரு சின்னசாமி மைதானம் சுமார் 40 கிலோமீட்டர்; சென்னை சேப்பாக்கமோ 300-க்கும் மேல். ஆனாலும் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வரும் இளம் அப்பாக்கள் பலருக்குத் தோனிதான். மகளுக்கு 7 எண் போட்ட மஞ்சள் பனியனை ஒரு சைஸ் பெரிதாகவே எடுப்பார்கள், அடுத்த சீசனுக்கும் ஆகுமே! பக்கத்து போர்ஷன் கன்னடக் குடும்பம் கோலி கட்சி.

இரவு 7.30-க்கு ஆட்டம். தோளில் தூங்கும் பிள்ளை, சத்தம் குறைத்த டிவி. விக்கெட் விழுந்தால் வாய்க்குள்ளேயே விசில். மைதான ஆரவாரத்தைவிட எனக்கு அந்த ஊமை விசில்தான் பிடிக்கும்.

சென்னைக்கு 5 கோப்பை என்று சுவருக்கு அப்பால் கேலி பறக்கும். 2025 ஜூன் 3-ல், 18-வது சீசனில், பெங்களூருவும் முதல் கோப்பையை வென்றுவிட்டது. இனி அந்தக் கேலி அவ்வளவாகச் செல்லாது.